ஒரே உப்பு, ஒரே புளி: பெட்டி மாறினால் ருசி மாறுமா?

#1 தூக்குவாளி (எச்.எஸ்.ஆர். லேஅவுட்)

வணக்கம். எங்களுடையது பெங்களூருவில் ஆபீஸ்களுக்கு மதியச் சாப்பாடு பெட்டியில் கட்டி அனுப்பும் மெஸ். வெள்ளைப் பெட்டியிலிருந்து கறுப்பு பிளாஸ்டிக் பெட்டிக்கு மாறியதிலிருந்து "சாம்பார் சப்புன்னு இருக்கு", "கீரை நேத்து பண்ணதா?" என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். உப்பு, புளி, பொடி எல்லாம் தராசில் நிறுத்துத்தான் போடுகிறோம், ஒரு கிராம்கூட மாறவில்லை. அதே சாம்பாரைக் கடையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் ஒன்றும் சொல்வதில்லை. பெட்டியின் நிறத்துக்கு இவ்வளவு வேலை இருக்கிறதா, இல்லை சமையலிலேயே நிறம் செத்துப்போகிறதா? எதை முதலில் சரிசெய்ய வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 நிறமி (உணவுத் தொழில்நுட்பம், யஷ்வந்த்பூர்)

தூக்குவாளி, ரெண்டு கேள்வியைப் பிரிச்சுக்கோங்க. "இது என்ன பண்டம்?" என்கிற கேள்வியில் கண்ணுக்கு ரொம்பச் செல்வாக்கு. 1980-ல் டுபோஸ் ஆராய்ச்சிக் குழு பழச்சுவை பானங்களுக்குப் பொருந்தாத நிறம் போட்டுக் கொடுத்துப் பார்த்தது. செர்ரி பானத்தைப் பச்சையாக்கிக் கொடுத்தால் ஒரு பகுதியினர் எலுமிச்சை வகைன்னு சொன்னாங்க. நாக்கில் செர்ரி இருந்தும் பதில் கண்ணிலிருந்துதான் வந்தது. இந்த மாதிரி முடிவு திரும்பத் திரும்ப வந்திருக்கு.

"எவ்வளவு இனிப்பு, எவ்வளவு உப்பு?" என்கிறது வேற கேள்வி. நிறத்தைக் கூட்டினா சுவை கூடித் தெரியுதுன்னு சில சோதனைகள் சொல்லுது, சிலதில் ஒண்ணுமே வரலை. அதனால் நிறத்தை ஏத்திட்டு உப்பைக் குறைக்கலாம்னு யாராவது யோசனை சொன்னா கேட்காதீங்க.

பாத்திரத்துக்கு வருவோம். 2012-ல் பிக்கேராஸ் ஃபிஸ்மன், ஆக்ஸ்ஃபோர்டின் சார்லஸ் ஸ்பென்ஸ் உள்ளிட்டவங்க ஒரே ஸ்ட்ராபெரி மூஸை (நுரை மாதிரி மெத்துன்னு இருக்கிற இனிப்பு) வெள்ளைத் தட்டிலும் கறுப்புத் தட்டிலும் வச்சுக் கொடுத்தாங்க. வெள்ளைத் தட்டில் இனிப்பு சுமார் 10 சதவீதமும், சுவையின் அழுத்தம் 15 சதவீதமும் கூடுதலா மதிப்பெண் வாங்கிச்சு. தட்டு வட்டமா சதுரமாங்கிறதுக்கு எந்த விளைவும் இல்லை.

இதை அப்படியே சாம்பாருக்குத் தூக்கிட்டு வர முடியாது. அது இளஞ்சிவப்பு இனிப்பு, உங்களோடது செம்பழுப்புக் குழம்பு. ஆனா ஒண்ணு பொருந்தும்: பண்டத்துக்கும் பின்னணிக்கும் உள்ள நிற வித்தியாசம். கறுப்புக் கிண்ணத்தில் சாம்பார் ஊத்தினா ஓரத்தில் மெலிசா நிக்கிற மஞ்சள் சிவப்பு எண்ணெய் வளையம் கண்ணுக்குத் தெரியாது. நம்ம ஆளுங்க "காரசாரமா இருக்கும்"னு முடிவு பண்றதே அந்த வளையத்தை வச்சுத்தான். அது இல்லைன்னா வாயில் வைக்கிறதுக்கு முன்னாடியே தீர்ப்பு எழுதியாச்சு.

கறுப்புப் பெட்டியை வீணாக்க வேண்டாம். தயிர் சாதம், இட்லி, தேங்காய்ச் சட்னி, அவியல் மாதிரி வெளுத்ததெல்லாம் அதில் பளிச்சுன்னு நிக்கும். சாம்பார், வத்தக்குழம்பு, கீரை, கத்திரிக்காய் நாலும் வெள்ளைக்குப் போகட்டும். வெள்ளை கிடைக்கலைன்னா பெட்டி அடியில் வாழையிலைத் துண்டு போடுங்க. கே.ஆர். மார்க்கெட்டில் கிழிஞ்ச இலைக் கட்டு மலிவாவே கிடைக்கும்.

#3 பேடகி_செல்வி (திருமண கேட்டரிங், ஹலசூர்)

நிறமி சார் சொன்னது சரிதான், ஆனா பெட்டி பாதி, அடுப்பு பாதி. கடையில் சாப்பிடுறவங்க இறக்கின உடனே சாப்பிடுறாங்க. பெட்டிக்காரங்க ஒன்றரை மணி நேரம் கழிச்சு மூடியைத் திறக்கிறாங்க. அதுக்குள்ள எந்த நிறம் எப்படிச் சாகுதுன்னு பார்க்கணும்.

கீரை: பச்சை நிறத்துக்கு ரெண்டு எதிரி, புளிப்பும் நீடிச்ச சூடும். கீரையிலேயே இருக்கிற அமிலம் வேகும்போது ஆவியோட வெளியேறணும், அதனால் மூடி போடாம வேக வைங்க. தண்ணி நல்லாக் கொதிச்ச பிறகுதான் கீரையைப் போடணும். சிறுகீரை, முளைக்கீரைக்கு 5, 6 நிமிஷம் போதும். வெந்ததும் அகலத் தட்டில் பரப்பிச் சூட்டைத் தணிச்சுட்டுக் கடையுங்க, கூட்டுன்னா பருப்பைத் தனியா வேக வச்சு கடைசியில் கலங்க. புளி, தக்காளி கிட்டவே வரக்கூடாது. இதெல்லாம் பண்ணிட்டு ஹாட்பாக்ஸில் ரெண்டு மணி நேரம் மூடி வச்சீங்கன்னா மறுபடியும் ராணுவச் சீருடை நிறம்தான். பத்தரைக்கு ஒரு ஈடு, பதினொண்ணேகாலுக்கு ஒரு ஈடுன்னு பிரிச்சுப் போடுங்க. சமையல் சோடா போட்டா பச்சை நிக்கும், உண்மைதான். ஆனா கீரை கூழாகிடும், தயாமின் சத்தும் போயிடும், நாக்கில் சவக்காரம் மாதிரி ஒரு வழவழப்பு வேற. வேண்டவே வேண்டாம். புளிச்ச கீரை எப்படியும் பழுப்பாகும். அதைப் பெட்டி மெனுவிலிருந்தே எடுத்துடுங்க.

சாம்பார்: மூணு இடத்தில் நிறம் போகும். முதலாவது புளி. பழம்புளி கறுப்பு, சாம்பாரைச் சேத்துத் தண்ணி ஆக்கிடும். சாம்பாருக்குப் புதுப்புளி, வத்தக்குழம்புக்குப் பழசுன்னு ரெண்டா வச்சுக்கோங்க. இரும்புச் சட்டியில் புளிக்கரைசலைக் கொதிக்க விட்டாலும் கறுக்கும். ரெண்டாவது தண்ணி. போர்வெல் தண்ணியில் பருப்பு வேகவும் நேரமாகும், மஞ்சள்தூளும் மஞ்சளா நிக்காம செம்பழுப்பு அடிக்கும். மஞ்சள் காரத்தில் சிவக்கும் பொருள், குங்குமம் செய்யறதே அப்படித்தான். பருப்புக்கு மட்டுமாவது காவிரித் தண்ணியோ ஆர்.ஓ. தண்ணியோ பிடிங்க. மூணாவது மிளகாய். மிளகாயின் சிவப்பு எண்ணெயில் கரையும், தண்ணியில் கரையாது. பொடியை நேராக் கொதிக்கிற குழம்பில் கொட்டினா காரம் இறங்கும், நிறம் இறங்காது. 10 லிட்டர் சாம்பார்னா கடைசித் தாளிப்புக்கு 60 மில்லி எண்ணெய் வைங்க. கடுகு வெடிச்சதும் அடுப்பை அணைச்சு, அரை நிமிஷம் பொறுத்து, 10 கிராம் பேடகி மிளகாய்த்தூளைப் போட்டுக் கலக்கி உடனே குழம்பில் கொட்டுங்க. அடுப்பு எரியும்போதே போட்டா ஒரு மூச்சில் கருகி காப்பிப்பொடி ஆயிடும்.

எலுமிச்சை சாதம்: 1 கிலோ அரிசிக்கு ஒன்றரை டீஸ்பூன் மஞ்சள்தூள் தாண்டாதீங்க. மஞ்சள் ஏறினா "புளிப்பு நல்லா இருக்கும்"னு கண்ணு சொல்லும், வாயில் மண் வாசனையும் கசப்பும்தான் வரும்.

#4 தூக்குவாளி

செல்வி அக்கா, மிக்க நன்றி. ரெண்டு சந்தேகம். இப்போது முழுக்க குண்டூர் மிளகாய்தான் போடுகிறோம், பேடகி எந்த விகிதத்தில்? அப்புறம் ரவா கேசரிக்குக் கடையில் விற்கும் கேசரி பவுடர் போடலாமா? இப்போதெல்லாம் சோதனை வருகிறார்கள் என்று பயமுறுத்துகிறார்கள்.

#5 பேடகி_செல்வி

பொடி அரைக்கும்போது 1 கிலோ மிளகாயில் 600 பேடகி, 400 குண்டூர். பேடகி நம்ம கர்நாடகத்து ஹாவேரி மாவட்டத்துச் சரக்குதான், 2011-ல் புவிசார் குறியீடு கிடைச்சது. சுருக்கம் சுருக்கமா, அடர்சிவப்பா, விதை கம்மியா இருக்கும். காரம் குறைவு, அதனால் முதல் ஈட்டிலேயே காரம் இறங்கினது தெரியும். அதைச் சரிக்கட்டக் கொஞ்சம் மிளகு சேர்த்துக்கலாம். வாங்கும்போது காம்பைக் கிள்ளி முகர்ந்து பாருங்க, பழைய சரக்கில் வாசனை இருக்காது. அரைச்ச பொடியை வெளிச்சத்தில் வைக்காதீங்க. கண்ணாடி ஜாடியில் அலமாரி மேல அழகுக்கு வச்சா சில வாரத்திலேயே செங்கல் நிறமாகிடும்.

கேசரி பவுடர் பத்தி நிறமி சாரே சொல்லட்டும்.

#6 நிறமி

சட்டத்தில் அனுமதிச்ச செயற்கை நிறங்கள் எட்டே எட்டு. அதுவும் பட்டியலில் உள்ள பண்டங்களுக்கு மட்டும். இனிப்பு வகைக்கு உண்டு, உச்சவரம்பு 1 கிலோ பண்டத்துக்கு 100 மில்லிகிராம். கர்நாடகத்தில் 2024 மார்ச்சில் கோபி மஞ்சூரியனிலும் பஞ்சு மிட்டாயிலும் ரோடமின் பி போன்ற நிறங்களுக்குத் தடை போட்டாங்க, ஜூனில் கபாப்களுக்கும் செயற்கை நிறம் கூடாதுன்னுட்டாங்க. ரோடமின் பி உணவு நிறமே கிடையாது, துணிச் சாயம். தமிழ்நாட்டில் அதே வருஷம் பிப்ரவரியில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்ததும் அதனால்தான்.

நடைமுறையில் சிக்கல் அளவுதான். 100 மில்லிகிராம்ங்கிறது ரெண்டு விரல் சிட்டிகைக்கும் குறைவு, கண்ணளவில் போட்டா பல மடங்கு போயிடும். அதோட பாக்கெட் பவுடர்னா முழுக்க நிறமா இருக்காது, உப்போ வேற நிரப்பியோ கலந்திருக்கும். நிறத்தின் பங்கு எவ்வளவுன்னு லேபிளில் பார்க்கணும். கலப்படமில்லாத நிறம்னா 1 கிராமை 100 மில்லி தண்ணியில் கரைச்சு வைங்க, அதில் 10 மில்லிதான் 1 கிலோ கேசரிக்கு உச்சம். உண்மையில் 2, 3 மில்லியே போதும்.

குங்குமப்பூன்னா 1 கிலோவுக்கு கால் கிராம். அரை டீஸ்பூன் சர்க்கரையோட சேர்த்து இடிச்சு, ரெண்டு மேஜைக்கரண்டி வெதுவெதுப்பான பாலில் அரை மணி நேரம் ஊறவைங்க. இழையா அப்படியே போட்டா பாதி நிறம் இழையிலேயே தங்கிடும். இப்படிச் செஞ்சாலும் பவுடர் கேசரியின் ஆரஞ்சு வராது, இளமஞ்சள்தான். எனக்குக் கேட்டா அதுவே நல்லது. அடிக்கிற ஆரஞ்சைப் பார்த்தவன் வாயில் குங்குமப்பூ மணத்தை எதிர்பார்ப்பான், வெறும் சர்க்கரை வந்தா "என்னமோ குறையுது"ம்பான். சாயம் தூக்கலா இருக்கிற பண்டம் இப்படித்தான் தன் காலைத் தானே வாரிக்கும்.

இதுக்கு ஒரு நல்ல சோதனை உண்டு. 2008-ல் மார்ட்டின் யோமன்ஸ் குழு புகையூட்டின சால்மன் மீனில் ஐஸ்கிரீம் செஞ்சாங்க, பார்க்க இளஞ்சிவப்பு. "ஐஸ்கிரீம்"னு சொல்லிக் கொடுத்தா வாயில் வச்சவங்களுக்குப் பிடிக்கவே இல்லை, உப்பும் அதிகமாத் தெரிஞ்சது. "உறைய வச்ச கார மூஸ்"னு சொல்லிக் கொடுத்தப்ப அதே பண்டத்தை ஏத்துக்கிட்டாங்க. கண்ணும் பேரும் கொடுத்த வாக்குக்கும் நாக்குக்கும் இடைவெளி கொஞ்சமா இருந்தா நாக்கு விட்டுக்கொடுத்துடும். இடைவெளி பெரிசானா முகம் சுளிக்கும்.

#7 பல்பு_பாண்டி (பி.வி.கே. ஐயங்கார் ரோடு)

எல்லாரும் பாத்திரம், மிளகாய்னே பேசறீங்க, தலைக்கு மேல எரியிற விளக்கைப் பத்தி ஒருத்தரும் பேசலையே. தூக்குவாளி அண்ணா, கடையில் என்ன விளக்கு? பழைய மஞ்சள் பல்புன்னா கடையில் சாப்பிடுறவங்க குறை சொல்லாததுக்கு அதுவும் ஒரு காரணம். ஆபீஸ் கேன்டீன் முழுக்க 6500 கெல்வின் வெள்ளை விளக்கு (கெல்வின் எண் குறைஞ்சா வெளிச்சம் மஞ்சளாகும், கூடினா வெளுக்கும்), அதில் எந்தச் சாம்பாரும் சாம்பல் பூத்துத்தான் தெரியும்.

எல்.ஈ.டி. அட்டைப்பெட்டியில் சி.ஆர்.ஐ.ன்னு ஒரு எண் போட்டிருப்பான், விளக்கு நிறங்களை எவ்வளவு சரியாக் காட்டும்னு சொல்றது அது, 80 இருந்தா "நல்ல விளக்கு"ன்னு தலையில் கட்டிடுவான். அந்த எண் எட்டு வெளிர் நிறங்களின் சராசரி. அடர்சிவப்பு அந்த எட்டில் கிடையாது, அதுக்குத் தனியா ஆர்9னு ஒரு எண். 80 போட்ட மலிவு விளக்கில் ஆர்9 பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கிடக்கும், சிலதில் அதுக்கும் கீழே. தக்காளி, மிளகாய், கேரட், வடையின் சிவப்பு எல்லாம் அடிபடுறது அங்கதான். சாப்பாட்டு இடத்துக்கு 3000 முதல் 3500 கெல்வின், சி.ஆர்.ஐ. 90-க்கு மேல, ஆர்9 50-க்கு மேலன்னு கேட்டு வாங்குங்க. ஆர்9 எழுதலைன்னா கடையிலேயே ஒரு தக்காளியை ரெண்டு விளக்கு அடியில் வச்சுப் பாருங்க. செங்கல் மாதிரி தெரிஞ்சா வேண்டாம்.

இன்னும் சில. ஒரே அறையில் மஞ்சள், வெள்ளை ரெண்டையும் கலக்காதீங்க, ஒரே தட்டில் சோறு பாதி வெள்ளை பாதி மஞ்சளா இருக்கும். தட்டுக்கு நேர் மேலே விளக்கு வந்தா எவர்சில்வர் கண்ணைக் கூசும், பண்டம் தட்டையாத் தெரியும். 30, 40 டிகிரி சாய்வில் பக்கவாட்டிலிருந்து விழுந்தா வடையின் மொறுமொறுப்பே கண்ணுக்குத் தெரியும். வாசலில் பச்சை ஃபைபர் ஷீட் கூரை போட்ட கடைகளைக் கவனிச்சுப் பாருங்க, பகல் பன்னெண்டு மணிக்கு அங்க சோறே பச்சை அடிக்கும். வியாபாரம் ஏன் டல்லுன்னு ஜோசியம் பார்த்துட்டு இருப்பாங்க.

#8 தூக்குவாளி

பாண்டி, ஆபீஸ் கேன்டீன் விளக்கை நான் மாற்ற முடியாதே?

#9 பல்பு_பாண்டி

முடியாது. அதனால்தான் பேக்கிங் மேஜைக்கு மேலே ஒரு 6500 கெல்வின் டியூப் தனியாப் போடுங்க. வாடிக்கையாளர் பார்க்கிற வெளிச்சத்தில் நீங்களும் ஒரு தடவை பார்த்துட்டு மூடுங்க. அந்த வெளிச்சத்தில் செத்துத் தெரிஞ்சா மேலே ரெண்டு கொத்தமல்லி இலை, ஒரு பொரிச்ச மிளகாய். சாப்பாட்டுக்கு 3000, சோதிக்க 6500.

#10 சந்தேகப்பேர்வழி (இந்திராநகர்)

கொஞ்சம் பிரேக் போடறேன். இந்தத் துறையில் கதை ஜாஸ்தி, சரக்கு கம்மி.

எல்லாரும் சொல்ற ஒயின் கதையை எடுத்துக்கோங்க. "நிபுணர்களுக்கு வெள்ளை ஒயினில் சிவப்புச் சாயம் போட்டுக் கொடுத்தாங்க, ஏமாந்துட்டாங்க." 2001-ல் மோரோ, புரோஷே, துபூர்தியூ வெளியிட்ட ஆய்வு அது. சோதனையில் இருந்தது பிரான்சின் போர்டோவில் ஒயினியல் படிக்கிற 54 மாணவர்கள், பழுத்த நிபுணர்கள் இல்லை. முதல் நாள் நிஜ வெள்ளை, நிஜ சிவப்பு ரெண்டையும் அவங்களே வர்ணிச்சாங்க. அடுத்த அமர்வில் வெள்ளை ஒண்ணு, சாயம் போட்ட அதே வெள்ளை ஒண்ணு. அவங்க முன்னாடி எழுதின ஒவ்வொரு வார்த்தையும் இந்த ரெண்டு கோப்பையில் எதுக்குக் கூடுதலாப் பொருந்துதுன்னு ஒண்ணைத் தேர்ந்தெடுக்கணும். சிவப்பு ஒயினுக்கான வார்த்தைகள் சாயம் போட்ட கோப்பைக்குப் போச்சு. மணத்தை எந்த வார்த்தையால் சொல்றோம் என்பதைக் கண் இழுக்குதுன்னு இது காட்டுது. ருசியே மாறிடுச்சுன்னு காட்டலை.

தட்டு அளவு, கிண்ண அளவு பத்திச் சுத்துற மேற்கோள்களில் பாதி, கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த சாப்பாட்டுப் பழக்க ஆராய்ச்சியாளர் பிரையன் வான்சிங்கில் போய் முடியும். அவரோட ஆறு கட்டுரைகளை ஜாமா (அமெரிக்க மருத்துவச் சங்கம்) இதழ்கள் 2018 செப்டம்பரில் திரும்பப் பெற்றுச்சு. கல்விசார் முறைகேடுன்னு பல்கலைக்கழகமே சொன்னது. "சின்னத் தட்டு வச்சா கம்மியாச் சாப்பிடுவாங்க"ன்னு யாராவது ஆரம்பிச்சா ஆதாரம் கேளுங்க.

நிறம் தலையெழுத்தும் இல்லை. ஹைன்ஸ் 2000-ல் பச்சை கெட்சப் விட்டாங்க, 2006 வரைக்கும் கடையில் இருந்தது. தக்காளி ருசியில் பச்சைக் குழம்பைக் குழந்தைங்க சந்தோஷமா வாங்கினாங்க. ஆனா நிறமில்லாத கோலா, கிரிஸ்டல் பெப்சி, 1992-ல் வந்து அடுத்த வருஷத்தோட போயிடுச்சு. ரெண்டுமே நிறத்தை மாத்தின சரக்குதான், முடிவு வேற வேற.

தூக்குவாளி விஷயத்தில் எனக்கு வேற சந்தேகம். ஒன்றரை மணி நேரத்தில் சாம்பார் ஆறுது. ஆறின குழம்பில் மணம் எழும்பாது, பருப்பு கெட்டியாகி உப்பு மட்டுப்பட்டுத் தெரியும். மூடியில் கோத்த நீராவி சொட்டி மேல்மட்டம் நீர்த்துப்போகும். இதெல்லாம் பெட்டி மாறினதில் வந்ததா, நிறத்தில் வந்ததா? புதுப் பெட்டியின் கனம் என்ன, மூடியில் ஆவி போக ஓட்டை இருக்கா?

#11 நிறமி

ஒயின் பத்திச் சொன்னது சரி, நான் மறுக்கலை. அதனால்தான் "என்ன பண்டம்" வேற, "எவ்வளவு" வேறன்னு முதலிலேயே பிரிச்சேன். ஆனா கடைக்காரருக்கு அந்த வித்தியாசம் பெரிய ஆறுதல் இல்லை. வாடிக்கையாளர் அனுப்புறது வார்த்தைதான். "சப்புன்னு இருக்கு"ங்கிற வார்த்தையைக் கண் எழுத வச்சாலும் நட்டம் நட்டம்தான்.

சூடு, நீராவி பத்தின கேள்வி நல்ல கேள்வி. தூக்குவாளி, ஒரு தெர்மாமீட்டர் வாங்கி, பெட்டி போய்ச் சேர்ற இடத்தில் ரெண்டு வகைப் பெட்டியிலும் சாம்பார் சூட்டைப் பாருங்க. 60 டிகிரிக்குக் கீழே போயிருந்தா ருசியை விடுங்க, பாதுகாப்புக்கே ஆகாது. ரெண்டும் ஒரே சூடுன்னா அப்புறம் நிறத்தைச் சந்தேகப்படலாம்.

#12 டிகாக்‌ஷன் (பசவனகுடி)

குழம்புக்காரங்க நடுவில் ஒரு காப்பி.

2014-ல் வான் டோர்ன், வுயில்மன், ஸ்பென்ஸ் மூணு பேரும் பால் காப்பியையே வச்சுப் பார்த்திருக்காங்க. கண்ணாடிக் கோப்பையில் குடிச்சதைவிட வெள்ளைக் கோப்பையில் காப்பி ஸ்ட்ராங்காத் தெரிஞ்சது. ஒரே வடிவக் கோப்பைகளில் திரும்பச் செஞ்சப்ப, வெள்ளையில் இனிப்பு குறைவாத் தெரிஞ்சது. வெள்ளைக்கு எதிரே பழுப்பு இன்னும் பழுப்பாத் தெரியுது, பழுப்புன்னா கசப்புன்னு மனசு கணக்குப் போடுது.

நம்ம ஊர் தர்ஷினியில் (நின்னு சாப்பிடுற சின்ன ஓட்டல்) கண்ணாடி டம்ளரில் பைட்டூ (ஒரு காப்பியை ரெண்டாப் பிரிச்சது) வாங்கினா பக்கவாட்டில் முழு நிறமும் தெரியும், பால் ஒரு சொட்டு கூடினாலும் "லைட்"னு திருப்பி நீட்டுவாங்க. எவர்சில்வர் டம்ளரில் தெரியறது மேலே இருக்கிற நுரை மட்டும். ஆத்தின நுரையில் பழுப்புக் கோடு ஓடினா போதும், உள்ளே டிகாக்‌ஷன் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் தப்பிச்சிடும். கடைசியில் டிகாக்‌ஷனை மேலாக ஒரு டீஸ்பூன் விடுறாங்களே, அது முழுக்கக் கண்ணுக்கான வேலை. மணமும் அங்கிருந்துதான் முதலில் எழும், அதனால் ஏமாத்துன்னு சொல்ல மாட்டேன்.

சிக்கரி கதை வேற. சிக்கரி நிறத்தைக் கொட்டும், காப்பி மணத்தைக் கொடுக்காது. சட்டப்படி கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, பாக்கெட்டில் போட்டிருக்கணும். 49 சிக்கரி போட்ட டிகாக்‌ஷன் தார் மாதிரி இருக்கும், பார்த்தவங்க ஸ்ட்ராங்குன்னு இன்னும் பால் ஊத்துவாங்க, கடைசியில் வாயில் பால்தான். நிறம் பார்த்துப் பால் அளக்காதீங்க. 80:20 கலவைன்னா 20 கிராம் பொடி, 120 மில்லி கொதிதண்ணி, முதல் டிகாக்‌ஷன் மட்டும். ஒரு பங்குக்குப் பால் மூணு பங்கு.

#13 மாவுக்கரண்டி (கே.ஆர்.புரம்)

தோசையையும் சேர்த்துக்கோங்க. பெங்களூரு ஆளுங்க செவக்காத தோசையைத் தொட மாட்டேங்கிறாங்க. நம்ம தமிழ்நாட்டு முறை மாவில் எவ்வளவு நேரம் கல்லில் விட்டாலும் வெளுப்பா இருக்கு, இல்லைன்னா காய்ஞ்சு அப்பளமாகுது.

#14 பேடகி_செல்வி

நம்ம மாவு இட்லிக்கும் தோசைக்கும் பொதுவானது, செவக்கிறதுக்கு வேண்டியது அதில் குறைவு. வித்யார்த்தி பவன் மாதிரி இடங்களில் பார்க்கிற அந்தச் செம்பொன் நிறத்துக்கு மாவே வேற. 4 பங்கு அரிசி, 1 பங்கு உளுந்து, 1 கிலோ அரிசிக்குக் கடலைப்பருப்பு 50 கிராம், வெந்தயம் 10 கிராம், அவல் ஒரு கைப்பிடி. வார்க்கும் முன்னாடி 1 லிட்டர் மாவுக்கு 1 டீஸ்பூன் சர்க்கரை, ஒரு மேஜைக்கரண்டி சன்ன ரவை.

ரொம்பப் புளிச்ச மாவு செவக்காது. மாவில் இருக்கிற சர்க்கரையைப் புளிப்பு தின்னுடும், அமிலம் கூடினா செவக்கிற வேலையும் மந்தமாகும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே ஊத்தினாலும் அப்படித்தான், கல்லின் சூடு முழுக்க மாவைச் சூடாக்கவே செலவாகும். முக்கால் மணி நேரம் வெளியில் வைங்க.

கல்லில் தண்ணி தெளிச்சா முத்து முத்தா உருண்டு ஓடணும். தெளிச்சுத் துடைச்சு, மாவு ஊத்தித் தேய்ச்சதும் தீயைக் கூட்டுங்க. மேல்பக்கம் ஈரம் மறைஞ்ச பிறகுதான் வெண்ணெய். ஈரம் இருக்கும்போது வெண்ணெய் விட்டா தோசை பொரியாம வேகும், வெளுப்பா நிக்கும்.

#15 நிறமி

செல்வி மேடம் சொன்னதில் ஒரு வித்தியாசம் முக்கியம். தோசை செவக்கிறது மையார் வினை, 1912-ல் லூயி கமீல் மையார் விவரிச்சது. சர்க்கரையும் அமினோ அமிலமும் சூட்டில் சேர்ந்து நிறத்தையும் மணத்தையும் ஒண்ணாக் கொடுக்கும். தண்ணி போய் மேல்தோல் 140 டிகிரி தாண்டினாத்தான் வேகம் பிடிக்கும். இங்க கண்ணு பொய் சொல்லலை, செவந்த இடத்தில் நிஜமாவே மணம் கூடுதல். கேசரி பவுடரில் நிறம் மட்டும் வரும், கூட மணம் எதுவும் வராது. அடுப்பில் மணத்தோட சேர்ந்து பிறக்கிற நிறத்துக்குக் காசு செலவழிங்க, பாக்கெட்டில் தனியா வர்ற நிறத்துக்கு வேண்டாம். பேடகியை எண்ணெயில் விடறதும் முதல் வகைதான்.

#16 தூக்குவாளி

ஆவி போக மூடியில் ஓட்டை இல்லை, அது புதுப் பெட்டியின் குறைதான். பெட்டியை மாற்றுவதற்கு முன்னால், நிறம்தான் காரணமா என்று நம் கையிலேயே சோதிக்க வழி உண்டா? கடையில் வேலை செய்பவர்கள், தெரிந்த வாடிக்கையாளர்கள் எனப் பன்னிரண்டு பேர் கிடைப்பார்கள்.

#17 நிறமி

உண்டு. முதலில் ரெண்டு பெட்டியிலும் இருக்கிற சாம்பார் வாயில் ஒண்ணுதானான்னு பார்க்கணும். முக்கோணச் சோதனைன்னு பேர். அதே ஈட்டுச் சாம்பாரை ரெண்டு வகைப் பெட்டியிலும் அடைச்சு, வழக்கம்போல ஒன்றரை மணி நேரம் வைங்க. பிறகு எல்லாத்தையும் ஒரே மாதிரி சின்ன எவர்சில்வர் கிண்ணங்களில் 30 மில்லி வீதம் ஊத்துங்க. ஒருத்தருக்கு மூணு கிண்ணம், ரெண்டு ஒரே பெட்டியிலிருந்து, ஒண்ணு மத்ததிலிருந்து. எந்தக் கிண்ணம் வேறன்னு கேளுங்க. "தெரியலை"ன்னு சொல்ல விடாதீங்க, ஊகமாவது சொல்லணும். கிண்ணத்துக்கு அ, ஆ, 1, 2ன்னு பேர் வேண்டாம், முதல் எண்ணே நல்லதுன்னு நினைப்பாங்க. 417, 862 மாதிரி மூணு இலக்க எண் ஒட்டுங்க. வரிசையை ஆளுக்கு ஆள் மாத்துங்க. நடுவில் வெறும் சோறு ஒரு வாய், தண்ணி ஒரு வாய்.

நிற வித்தியாசம் தெரிஞ்சா கண்ணாலயே கண்டுபிடிச்சிடுவாங்க, அதனால் அறையை இருட்டாக்கி சிவப்பு பல்பு மட்டும் எரியட்டும். மூணு கிண்ணமும் ஒரே சூட்டில் இருக்கணும், வெந்நீர்த் தட்டில் வைங்க.

12 பேரில் 8 பேர் சரியாச் சொன்னா நிஜமாவே வாயில் வித்தியாசம் இருக்கு: நீராவி, பிளாஸ்டிக் வாடை, ஏதோ ஒண்ணு. 7-ம் அதுக்குக் கீழேயும் வந்தா ஊகமா இருக்கலாம். அப்புறம் ரெண்டாவது கட்டம். சிவப்பு பல்பை அணைச்சுட்டு, சாதாரண வெளிச்சத்தில் அதே சாம்பாரைக் கறுப்பிலும் வெள்ளையிலும் கொடுத்து, காரத்துக்கும் உப்புக்கும் 1-லிருந்து 9 வரை மதிப்பெண் கேளுங்க. பாதிப் பேருக்குக் கறுப்பு முதலில், மீதிப் பேருக்கு வெள்ளை முதலில். எதுக்காகச் சோதனைன்னு முன்னாடியே சொல்லிடாதீங்க.

#18 தூக்குவாளி

நன்றி சார். பன்னிரண்டு பேர் ஒரே நாளில் சிக்காவிட்டால், ஆறு பேருக்கே ரெண்டு தடவை கொடுத்துப் பன்னிரண்டாக எழுதிக்கொள்ளலாமா?

#19 சந்தேகப்பேர்வழி

கூடாது. ஒரே நாக்கு ரெண்டு ஓட்டுப் போட்டா அது ரெண்டு ஆள் ஆகாது. 6 பேர்தான்னா 6-ன்னே எழுதுங்க, அதில் 5 பேர் சரியாச் சொன்னாத்தான் வித்தியாசம்னு எடுத்துக்கணும். பொடி அரைக்கிற ஆளைச் சேர்க்காதீங்க, அவருக்கு எல்லாமே காரமாத்தான் தெரியும்.